பிரிஜிட் திருநாள்: ரஷ் சிலுவை, வெண்ணெய், வாசலில் ஒரு துணி

அயர்லாந்துக்காரர்களின் பண்டிகை என்றால் மார்ச் 17-ம் தேதி பாட்ரிக் திருநாள், பச்சைச் சட்டை, ஊர்வலம் என்றுதான் பலருக்கும் தெரியும். அது தெருவில் நடக்கும் பண்டிகை. வீட்டுக்குள் நடக்கும் பண்டிகை அதற்கு ஆறு வாரம் முன்பே வந்து போய்விடுகிறது. பிப்ரவரி 1, புனித பிரிஜிட் திருநாள். ஐரிஷ் மொழியில் ‘லா ஏல பிரீஜ’. பழைய ஐரிஷ் நாட்காட்டியில் வசந்தம் தொடங்கும் நாள் இதுதான். கிறிஸ்தவத்துக்கு முன்பு இதே நாளுக்கு இம்போல்க் என்று பெயர்.

இந்தப் பண்டிகைக்கு ஊர்வலமோ கூட்டமோ தேவையில்லை. ஒரு சமையலறை, ஒரு வாசற்படி, கைக்கு எட்டும் தூரத்தில் கொஞ்சம் புல் இருந்தால் எந்த ஊரிலும் கொண்டாடலாம். ஆனால் செய்யும் வரிசை முக்கியம். எல்லாமே முந்தைய நாள், ஜனவரி 31 மாலையில்தான் நடக்கும். பிப்ரவரி 1 காலையில் எழுந்து தொடங்கினால் பாதிப் பண்டிகை போய்விட்டது என்று அர்த்தம்.

தேதியில் ஒரு குழப்பம் உண்டு. 2023 முதல் அயர்லாந்தில் இதற்கு அரசு விடுமுறை இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயரில் அந்நாடு விடும் முதல் பொது விடுமுறை அதுதான். விடுமுறை விழுவது பிப்ரவரியின் முதல் திங்கட்கிழமையில். பிப்ரவரி 1 வெள்ளிக்கிழமையாக வந்தால் மட்டும் அன்றே விடுவார்கள், 2030-ல் அப்படி வருகிறது. ஆகவே நாட்காட்டியில் பிப்ரவரி 3 அல்லது 5 என்று பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். அலுவலகம் மூடுவது எந்த நாளாக இருந்தாலும் சடங்குக்கு உரியது ஜனவரி 31 இரவுதான்.

பிரிஜிட் யார் என்பதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒருத்தி, 5-ம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து கில்டேரில் துறவி மடம் அமைத்ததாகச் சொல்லப்படும் புனிதர். பாட்ரிக், கொலம்கில்லே ஆகியோருடன் நாட்டின் மூன்று காவல் புனிதர்களில் ஒருவர். இன்னொருத்தி, கவிதைக்கும் மருத்துவத்துக்கும் கொல்லுவேலைக்கும் உரிய பழைய தெய்வம். இருவரும் ஒருவரேதானா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உங்கள் வீட்டில் எந்தப் பிரிஜிட்டை வரவேற்றாலும் சிலுவை பின்னும் முறை ஒன்றுதான்.

ரஷ் தண்டு: எது, எங்கே, எதற்குப் பதில் எது

சிலுவைக்கு வேண்டியது ரஷ். ஈரமான மேய்ச்சல் நிலத்திலும் சதுப்பிலும் குத்துக்குத்தாக வளரும் புல் போன்ற செடி. தாவரவியல் பெயர் ஜன்கஸ் எஃப்யூசஸ். வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தாராளமாகக் கிடைக்கும். தண்டு உருண்டையாக, வழவழப்பாக, இலையே இல்லாமல் நேராக இருக்கும். நகத்தால் தோலைக் கீறினால் உள்ளே வெள்ளைப் பஞ்சு இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக ஓட வேண்டும். சற்று நீலம் கலந்த பச்சையில், வரிவரியாக, உள்ளே பஞ்சு விட்டுவிட்டு இருந்தால் அது வேறு வகை. விறைப்பானது, மடிப்புக்கு ஒத்துவராது.

ஒரு சிலுவைக்குச் சுமார் 30 செ.மீ. நீளத்தில் 16 தண்டு போதும். 28 இருந்தால் நடுச் சதுரம் கனமாகவும் அழகாகவும் வரும். ஒடிவது, பழுதாவது போக 35 எடுத்துக்கொள்ளுங்கள். மரபுப்படி கத்தி வைக்கக் கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும். அதில் நடைமுறை லாபமும் உண்டு. அடியைப் பிடித்து நிதானமாக இழுத்தால் வெளிறிய, மென்மையான அடிப்பகுதியோடு முழு நீளம் கிடைக்கும். நிலம் அடுத்தவருடையது என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். காப்புப் பகுதிகளில் தொட வேண்டாம்.

டொரான்டோ மாதிரி ஊர்களில் ஜனவரியில் எல்லாம் பனிக்கு அடியில் கிடக்கும். அங்கே இருப்பவர்கள் செப்டம்பரிலேயே பிடுங்கி, செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் படுக்க வைத்துக் காயவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பத்தே நாளில் பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததை அப்படியே மடித்தால் படக்கென்று ஒடியும். பின்னுவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் முப்பது நாற்பது நிமிடம் முழுக்க அமிழ்த்தி, பிறகு ஈரத் துண்டில் ஒரு மணி நேரம் சுற்றி வையுங்கள். ஒரு தண்டை எடுத்து நடுவில் மடித்துப் பாருங்கள். தோல் வெடிக்காமல் மடிந்தால் தயார்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவர்கள் ரஷ் தேடி அலைய வேண்டாம். குளத்தோரக் கோரை நல்ல மாற்று. பாய் நெய்வதற்காகக் கிழித்த கோரை மெலிது, சிலுவைக்கு நிற்காது. கிழிக்காத முழுத் தண்டு வேண்டும். கோரைத் தண்டு முக்கோணமாக இருப்பதால் மடிக்கும் இடத்தில் விளிம்பு வெடிக்கப் பார்க்கும். மடிப்பு விழும் இடத்தை மட்டும் விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கிவிட்டு மடியுங்கள். கோதுமை வைக்கோலும் ஆகும், ஊறவைக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் காகித உறிஞ்சுகுழல் போதும். பிளாஸ்டிக் குழல் வேண்டாம், மடித்தது மறுபடி நிமிர்ந்துகொண்டே இருக்கும்.

நான்கு கைச் சிலுவை

தண்டுகளை நீளம் பார்த்து அடுக்குங்கள். பக்கத்தில் நான்கு சிறிய ரப்பர் பேண்ட், சணல் நூல், கத்தரிக்கோல். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துச் செய்வதுதான் வசதி. மேசையில் வைத்தால் நடுப்பகுதி நழுவும்.

1. மிகத் தடிமனான ஒரு தண்டை இடது கையில் செங்குத்தாகப் பிடியுங்கள். இது மடிக்காத தண்டு. மற்ற அனைத்தும் மடிபவை.

2. இரண்டாவது தண்டைச் சரியாக நடுவில் மடித்து, முதல் தண்டின் நடுவில் மாட்டுங்கள். மடிப்பு இடப்பக்கம், இரண்டு நுனிகளும் வலப்பக்கம் நோக்க வேண்டும். மாட்டிய இடத்தை இடது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடியுங்கள். இனி கடைசி வரை இந்தப் பிடி விடக் கூடாது.

3. மொத்தத்தையும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்றுத் திருப்புங்கள். வலப்பக்கம் பார்த்த நுனிகள் இப்போது மேலே பார்க்கும்.

4. மூன்றாவது தண்டை மடித்து, மேலே பார்க்கும் தண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து அணைத்தபடி மாட்டி, நுனிகளை வலப்பக்கம் விடுங்கள். கீழே, நடுவை நோக்கித் தள்ளி இறுக்குங்கள்.

5. மறுபடி கால் சுற்று எதிர்த்திசையில். மறுபடி ஒரு தண்டு. மேலே நிற்பவற்றை அணைத்து வலப்பக்கம். தண்டு தீரும் வரை இவ்வளவுதான்.

6. கடைசித் தண்டு மாட்டியதும் அதன் கையை முதலில் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். அதுதான் நழுவும். பிறகு மற்ற மூன்று கைகள். நுனிகளைச் சமமாக வெட்டுங்கள்.

தவறு பெரும்பாலும் நேர்வது மூன்றாம் படியில். ஒரே ஒருமுறை திசை மாற்றிச் சுற்றிவிட்டால் போதும், ஒரு கை பெருத்து எதிர்க்கை இளைத்துவிடும். பேச்சுச் சுவாரசியத்தில் இது சுலபமாக நடக்கும். எங்கே குழம்பியது என்று தேட வேண்டாம். கடைசியாகப் போட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால் சதுரம் சரியாக இருக்கும் இடம் தெரியும், அங்கிருந்து மீண்டும் தொடங்குங்கள். நடுச் சதுரத்தில் ஓட்டை விழுந்தால் புதுத் தண்டை முந்தையதோடு ஒட்டத் தள்ளவில்லை என்று அர்த்தம். நான்காவது தண்டு வரை எல்லாம் உதிர்வது போலத்தான் இருக்கும். ஐந்தாவதில் பிடித்துக்கொள்ளும்.

பச்சைத் தண்டு காயும்போது சுருங்கும். அன்றைக்கே நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால் ஒரு வாரத்தில் கட்டு தொளதொளத்துத் தண்டுகள் உருவிவிடும். அதனால்தான் முதலில் ரப்பர் பேண்ட். அது சுருக்கத்தோடு கூடவே இறுகும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து நூலால் கட்டிவிட்டு ரப்பரை வெட்டி எடுங்கள்.

இந்த நான்கு கை வடிவம் இவ்வளவு பரவலாகத் தெரிய ஒரு காரணம், அயர்லாந்தின் தேசியத் தொலைக்காட்சி 1961-ல் தொடங்கியதிலிருந்து 1995 வரை இதைத் தன் சின்னமாக வைத்திருந்தது. மற்ற வடிவங்களும் உண்டு. மாட்டுத் தொழுவத்துக்கென்று மூன்று கைச் சிலுவை பின்னுவார்கள். அதே முறைதான், கால் சுற்றுக்குப் பதில் மூன்றில் ஒரு சுற்று. இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டி வைக்கோலைச் சுற்றிச்சுற்றி வைர வடிவில் செய்வதும் பழையதுதான்.

வெண்ணெய்

இந்த இரவுச் சாப்பாட்டில் எது இல்லாவிட்டாலும் புதிதாகக் கடைந்த வெண்ணெய் இருக்க வேண்டும். பிரிஜிட் பால்மாட்டுக்கும் பால்பண்ணைக்கும் உரியவள். மாடுகள் ஈன்று பால் திரும்பச் சுரக்கத் தொடங்கும் காலமும் இதுதான். கடையில் வாங்கிய வெண்ணெயை மேசையில் வைத்துவிட்டு மற்ற அலங்காரங்களில் நேரம் செலவழிப்பது இந்தப் பண்டிகையின் மனதைப் புரிந்துகொள்ளாத வேலை.

35 சதவீதம் அல்லது அதற்கு மேல் கொழுப்புள்ள கிரீம் 500 மி.லி. எடுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் 25 சதவீதக் கிரீம் எவ்வளவு குலுக்கினாலும் சரியாகத் திரளாது. ஜனவரி 30 இரவே இதில் ஒரு மேசைக்கரண்டி தயிர் கலந்து, மூடி, புளிக்க விடுங்கள். அறை வெப்பத்தில் பன்னிரண்டு மணி நேரம், சென்னை வெப்பத்தில் ஆறு மணி நேரமே போதும். பிறகு குளிரவைத்து, கடைவதற்கு அரை மணி முன் வெளியே எடுங்கள். 15 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பது நல்லது. இதைவிடக் குளிர்ந்தால் கை ஓயும் வரை திரளாது. 20 டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய் எண்ணெய்ப் பிசுக்காகி மோரோடு குழம்பிப் போகும்.

ஒன்றரை லிட்டர் கண்ணாடி ஜாடியில் ஊற்றி மூடிக் குலுக்குங்கள். ஐந்தாறு நிமிடத்தில் சத்தமே நின்றுவிடும், ஜாடியில் ஒன்றும் அசையாது. கிரீம் நுரைத்துக் கெட்டியாகியிருக்கிறது, அவ்வளவுதான். பலரும் இந்த இடத்தில் கைவிடுவார்கள். இன்னும் ஐந்து நிமிடம் விடாமல் குலுக்கினால் திடீரென்று ‘சளக்’ என்று மோர் பிரியும். வடிகட்டி, ஐஸ் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள், தண்ணீர் தெளிவாக வரும் வரை. மோர் தங்கினால் இரண்டு நாளில் சிக்கு வாடை அடிக்கும். சுமார் 200 கிராம் கிடைக்கும். அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுப் பிசையுங்கள்.

பாலாடை சேர்த்துத் தயிராக்கி மத்தால் கடையும் வீட்டில் இந்தப் பகுதியைப் படிக்கவே வேண்டியதில்லை. அயர்லாந்துப் பண்ணை வீடுகளிலும் புளித்த கிரீமைத்தான் கடைந்தார்கள். அந்த மோர்தான் அடுத்த வேலைக்கு வேண்டும்.

சோடா ரொட்டியும் கால்கேனனும்

கிடைத்த மோர் சுமார் 250 மி.லி. இருக்கும். 300 கிராம் மைதா, முக்கால் தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சலித்துக் கலக்குங்கள். சோடா கட்டியாக நின்றால் ரொட்டியில் மஞ்சள் புள்ளி விழுந்து சோப்புச் சுவை வரும். ஓவனை 220 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகுதான் மோரை ஊற்ற வேண்டும். மோர் பட்டவுடனேயே சோடா வேலையைத் தொடங்கிவிடும், மாவு ஓவனுக்காகக் காத்திருக்காது. விரல்களால் சேர்த்தால் போதும். சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் கல்லாகும். வட்டமாகத் தட்டி, மேலே ஆழமாகக் குறுக்குக்கோடு கீறி, 10 நிமிடம் 220-லும், பிறகு 200-ல் 25 நிமிடமும் வேகவையுங்கள். அடியில் தட்டினால் வெற்றுப் பெட்டி போல ஒலிக்க வேண்டும்.

புளிக்காத கிரீமில் கடைந்த மோரில் புளிப்பே இருக்காது, சோடா அதில் பொங்காது. ரொட்டி தட்டையாக, பச்சைச் சோடா வாடையோடு வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அப்படிப்பட்ட மோர் என்றால் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேருங்கள். சர்க்கரை, திராட்சை எல்லாம் இந்த ரொட்டிக்கு வேண்டாம்.

கால்கேனன் என்பது வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கும் கீரையும். நான்கு பேருக்கு 1 கிலோ மாவுத்தன்மையுள்ள உருளை, 250 கிராம் கேல் கீரை அல்லது முட்டைக்கோஸ், ஆறு வெங்காயத்தாள், 200 மி.லி. பால், 100 கிராம் வெண்ணெய். உருளையைத் தோலோடு வேகவைத்து, சூட்டிலேயே உரித்து, தண்ணீர்ப்பசை போக ஒரு நிமிடம் வெறும் சட்டியில் புரட்டுங்கள். வெங்காயத்தாளைப் பாலில் போட்டுக் கொதி வரும் வரை சூடாக்குங்கள். கீரையைத் தனியாக வேகவைத்து நன்றாகப் பிழியுங்கள். பிறகு கொஞ்சம் வெண்ணெயை மட்டும் எடுத்துவைத்துவிட்டு எல்லாவற்றையும் கையால் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் மாவுச்சத்து உடைந்து பசையாகிவிடும், திருத்த வழியில்லை. தட்டில் குவித்து, நடுவில் குழி செய்து, மீதி வெண்ணெயை அதில் உருகவிட்டு, ஓரத்திலிருந்து எடுத்துக் குழியில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

மாலையின் வரிசை

சூரியன் மறையும் நேரத்தில் துணியை வெளியே வையுங்கள். இதற்கு ‘ப்ரத் பிரீஜ’, பிரிஜிட்டின் போர்வை என்று பெயர். பருத்தி, லினன், கம்பளி எதுவானாலும் ஒரு முழத் துண்டு போதும், ரிப்பனும் ஆகும். புதர், சன்னல் விளிம்பு, அடுக்குமாடி என்றால் பால்கனிக் கம்பி. காற்றில் பறக்காமல் முடிச்சுப் போடுங்கள். இரவில் பிரிஜிட் அந்த வழியாகப் போகையில் அதைத் தொட்டு ஆசீர்வதிப்பாள் என்பது நம்பிக்கை. சூரியோதயத்துக்கு முன் எடுத்து, காயவைத்து, மடித்து வையுங்கள். தலைவலிக்கும் தொண்டை வலிக்கும் சுற்றிக்கொள்வார்கள், கன்று ஈனும் பசுவின் முதுகில் போடுவார்கள். அதே துணியை ஆண்டுதோறும் வெளியே வைத்து ஏழாவது ஆண்டில் முழுச் சக்தி பெறும் என்பார்கள். ஆகவே துவைத்துப் புதுசாக மாற்ற வேண்டாம். மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

அடுத்தது வாசற்சடங்கு. வீட்டுப் பெண் ஒருத்தி, பெரும்பாலும் மூத்த மகள், ரஷ் தண்டுகளின் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போவாள். தனி வீடு என்றால் வலமாகச் சுற்றி வருவதும் உண்டு. கதவை மூன்று முறை தட்டி, “முழங்காலிடுங்கள், கண்களைத் திறங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள்” என்பாள். உள்ளே இருப்பவர்கள் “அவள் வரவு நல்வரவு” என்று பதில் சொல்வார்கள். இதையே மூன்று தடவை. பிறகுதான் கதவு திறக்கும். ஐரிஷ் தெரியாவிட்டால் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். அயர்லாந்திலும் ஆங்கிலம் பேசும் பகுதிகளில் ஆங்கிலத்தில்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

உள்ளே வந்த ரஷ் கட்டைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் வையுங்கள். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகே அதை எடுத்துச் சிலுவை பின்ன வேண்டும். தண்டுகளை ஊறவைப்பதானால் இதை மனதில் வைத்து நேரம் கணக்கிடுங்கள். ஈரத் துண்டோடு சேர்த்து மேசைக்கு அடியில் வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் முடியும். ஒரு துண்டு ரொட்டியும் கொஞ்சம் வெண்ணெயும் சன்னல் விளிம்பில் பிரிஜிட்டுக்கு, ஒரு கைப்பிடி வைக்கோல் அவளுடைய பசுவுக்கு. எலித் தொல்லை உள்ள ஊரில் சன்னலுக்கு உட்புறம் வையுங்கள்.

சிலுவையை வாசலின் உட்புறம், கதவுக்கு மேலே மாட்டுவார்கள். தீயிலிருந்தும் பசியிலிருந்தும் வீட்டைக் காக்கும் என்பதால் அடுப்பங்கரையிலும் ஒன்று வைக்கலாம், ஆனால் அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், காய்ந்த புல் அது.

மறுநாள் பெரிதாக ஒன்றும் இல்லை. சில பகுதிகளில் அன்று சக்கரம் சுழலும் வேலை எதுவும் செய்யாமல் இருந்திருக்கிறார்கள். ராட்டை, வண்டி, மாவு ஆலை எல்லாம் ஓய்வு. கெர்ரி மாவட்டத்தின் கில்லோர்க்லின் பக்கம் வைக்கோல் தொப்பி அணிந்து, ‘பிடி’ (பிரிஜிட்டின் செல்லப்பெயர்) என்னும் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போகும் பிடி குழுக்கள் இன்றும் இருக்கின்றன. அதைத் தனியாக ஒரு வீடு செய்ய முடியாது. நான்கைந்து குடும்பம் சேர்ந்தால் அடுத்த ஆண்டு யோசிக்கலாம்.

பழைய சிலுவையை என்ன செய்வது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. கூரை ஓலையில் ஆண்டுக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டே போன வீடுகள் உண்டு. புதியது மாட்டியதும் பழையதை அடுப்பில் எரித்த வீடுகளும் உண்டு. குப்பைத் தொட்டியில் போடுவது மட்டும் எங்கும் வழக்கமில்லை. எரிக்க வசதி இல்லாவிட்டால் தோட்டத்து மண்ணில் புதைத்துவிடுங்கள், நூலையும் மிஞ்சியிருக்கும் ரப்பரையும் அவிழ்த்துவிட்டு. ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ இருக்கும் உறவினருக்குத் தபாலில் அனுப்ப நினைத்தால், தாவரப் பொருள் என்று படிவத்தில் எழுத வேண்டும். எழுதினாலும் எல்லையில் பிடித்து அழித்துவிட வாய்ப்பு உண்டு. அவர்களுக்குத் தண்டு மடிக்கும் வரிசையை அனுப்புங்கள், சிலுவையை அவர்களே பின்னட்டும்.